தளபதி கட்டிய காப்பு

நாவலப்பிட்டியில் பதினோராம் தரப் பிள்ளைகளுக்கு வரலாறு படிப்பிக்கிறேன். வருடா வருடம் பாடத்தில் ஹிண்டன்பர்க் வருவார். முதலாம் உலகப் போரில் பேரெடுத்த ஜெர்மன் தளபதி, பிறகு அந்த நாட்டின் ஜனாதிபதி. ஹிட்லரை அவருக்குக் கட்டோடு பிடிக்காது. பதவியைக் கொடுத்துச் சுற்றிலும் நம் ஆட்களை வைத்தால் அடங்கிவிடுவான் என்று கூட இருந்தவர்கள் ஓத, தன் கையாலேயே அவனை ஆட்சியில் ஏற்றிவிட்டார். அதன்பின் சாகும்வரை பெயருக்குத்தான் அவர் ஜனாதிபதி. பிள்ளைகள் சிரிப்பார்கள். இந்த வருடம் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் வீட்டிலேயே அப்படி ஒருவர் இருக்கிறாரே.

அப்பா வீரய்யா எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயில் தலைவர். இளவயதில் ஒரு வேலைநிறுத்தத்தை முன்னால் நின்று நடத்தி வென்றவர். அதிலிருந்து ஊருக்கு அவர் தளபதி. நல்ல மனிதர்தான். புகழ்ந்தால் மட்டும் உச்சி குளிர்ந்துவிடும்.

திருவிழா நெருங்க நெருங்க, தோட்டத்துச் சண்டியன் நிரோஷனின் ஆட்டம் கூடியது. கோயில் காணியில் பஹ்மி நானா வைத்திருக்கும் தேத்தண்ணிக் கடையைத் தூக்க வேண்டும், அம்மன் வாசலில் முஸ்லிம் ஆளுக்கு என்ன வேலை என்று பொடியன்களைச் சேர்த்துக்கொண்டு கத்தினான். நானாவுக்கும் அவர் மனைவி ரபீகாவுக்கும் அந்தக் கடையை விட்டால் வேறு பிழைப்பில்லை.

அப்பாவுக்கு நிரோஷனைக் கண்டாலே ஆகாது. ஆனால் கமிட்டிப் பெரியவர்கள் வீட்டுக்கு வந்து, இந்த முறை காப்பை அவனுக்கே கட்டிவிடலாம் என்றார்கள். அம்மன் முன்னால் மஞ்சள் காப்பு கட்டிக்கொண்டவன் விரதம் இருக்க வேண்டும். குடி, சண்டை எதுவும் ஆகாது. திருவிழா முடியும்வரை காப்பை யாரும் அவிழ்க்கவும் முடியாது. விரதம் அவனைக் கட்டிப்போடும் என்பது அவர்கள் போட்ட கணக்கு. காப்புக் கட்டியவன் கோயில் காரியத்தில் சொல்வதற்கு மறுபேச்சுக் கிடையாது என்பதும் அதே வழக்கம்தான். அதை யாரும் யோசிக்கவில்லை.

நான் அப்பாவிடம் ஹிண்டன்பர்க் கதையை முழுதாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அந்த ஊர்ல மாரியம்மா இல்லையே, கலா" என்றார். "காப்பு கைல ஏறிட்டா எவனும் அடங்கிருவான். நாங்க பெரியவங்க சுத்தி இருக்கோம்ல."

காப்புக் கட்டும் நாள் மாலை தப்பு மேளச் சத்தம் காதைப் பிளந்தது. பஹ்மி நானா வழக்கம்போல வேலியோரம் வந்து நின்றார். அப்பா காப்பைக் கட்டி முடித்ததும் நிரோஷன் நெடுஞ்சாண்கிடையாக அவர் காலில் விழுந்தான். பார்த்தாயா என்பதுபோல் அப்பா என்னைப் பார்த்தார். ஒரு நிமிடம் நானும் நம்பிவிட்டேன்.

எழுந்தவன் பூசாரியின் கையிலிருந்த மைக்கை வாங்கினான். தளபதிக்கு நன்றி சொன்னான். பிறகு, கோயில் காணியில் இனி வெளியாள் கடை இருக்கக் கூடாது, இப்போதே அகற்ற வேண்டும் என்றான்.

இதைக் கமிட்டி பேசித்தான் முடிவெடுக்க வேண்டும் என்று அப்பா எழுந்தார். நிரோஷன் மஞ்சள் கட்டிய கையை உயர்த்திக் காட்டினான். குரலில் மரியாதை கொஞ்சமும் குறையவில்லை.

"காப்புக்கு எதிரா பேசாதீங்க தலைவரே. ஊருக்கு ஆகாது."

பெரியவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். பொடியன்கள் கடைப்பக்கம் ஓடினார்கள். தகரம் கழற்றும் சத்தம் கேட்டது. பஹ்மி நானா அவர்களிடம் போகவில்லை, நேரே அப்பாவிடம் வந்தார்.

"ஐயா, நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும்."

அப்பா பெரியவர்கள் பக்கம் திரும்பினார். அவர்கள் தலை நிமிரவில்லை. நானா, கிளாசுகளை வெளியே எடுத்துவைத்துக்கொண்டிருந்த ரபீகாவுக்கு உதவப் போனார்.

நிரோஷனின் ஆட்கள் பெரிய கதிரை ஒன்றைக் கொண்டுவந்து முன்வரிசையில் போட்டு, அப்பாவை உட்காரவைத்து மாலை போட்டார்கள். தளபதி வாழ்க என்று கோஷம் வேறு. நான் பக்கத்தில் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இப்பவும் நான்தானே தலைவர், கலா?"

எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"ஆமாப்பா" என்றேன். "சாகிற வரைக்கும் நீங்கதான்."