ஆறாம் வரிசையின் உப்பு

மெல்பேர்ணின் மேற்குக் கரையில், பொயிண்ட் குக்கிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் வரும் கடற்கரைப் பூங்காவின் நினைவுக்கல்லில், பசிபிக் தீவுகளில் செத்த அமெரிக்க மரின்களின் பெயர்களிலிருந்து சேறு வடிந்தது. கொரியாவில் செத்தவர்களின் பெயர்களில் ஜனவரி வெயிலிலும் உறைபனி படிந்தது. வியட்நாம் பெயர்களில் அட்டை ஊர்ந்தது, பெய்ரூட் பெயர்களிலிருந்து சீமெந்துத் தூள் கொட்டியது, ஈராக் பெயர்களிலிருந்து மணல். நகரக் கவுன்சில் இதைக் கழுவுவதற்கென்று வாரத்துக்கு மூன்று மணித்தியாலம் ஒதுக்கியிருந்தது. முன்பு அங்கே வேலை செய்த குரோவேஷியக் கிழவர் எதை எதால் எடுக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி, பிளாஸ்ரிக் உறை போட்டு, வேலைக்கு வரும் வான் வண்டியின் கதவில் ஒட்டிவிட்டுப் போயிருந்தார். சேற்றைத் தேய்த்தெடுக்க மெல்லிய தும்புத்தடி. பனிக்கு இளஞ்சூட்டுத் தண்ணீர், கொதிதண்ணீர் ஊற்றினால் கல் வெடிக்கும். அட்டைக்கு ஒரு பிடி உப்பு. தூளையும் மணலையும் கூட்டினால் போதும்.

கல்லை எழுப்பியவர்கள் பெண்கள். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க மரின்கள் மெல்பேர்ணில் தங்கி இளைப்பாறிப் போனபோது அவர்களைக் கல்யாணம் கட்டியவர்கள், கட்டுவதாக மோதிரம் வாங்கியவர்கள், ஆறு பேர். முதல் வரிசையில் மோதிரம் போட்டுவிட்டுப் போனவர்களின் பெயர்கள், இரண்டாவதில் கணவன்மாரின் பெயர்கள், மூன்றாவதில் பிள்ளைகள், நாலாவதிலும் ஐந்தாவதிலும் பேரப்பிள்ளைகள். ஆறாவது வரிசை வெறுமையாக இருந்தது. அடுத்த போருக்கென்று விட்டுவைத்த இடம் அது. ஒரு சண்டை முடிந்தால் இனிச் சண்டை வராது என்று நம்புகிற வகைப் பெண்கள் அல்ல அவர்கள். 2012இல் ஆறு பேரில் ஒருத்திதான் மிஞ்சியிருந்தாள். டொரத்தி என்று பெயர், தொண்ணூறு வயது, சக்கரக் கதிரை.

அந்த ஆண்டு ஜனவரியில் கல் கழுவும் வேலை திரேசாவுக்கு வந்தது. நாற்பத்தாறு வயது. முல்லைத்தீவுக் கரையில் கருவாடு காயப்போடும் வாடியில் பன்னிரண்டு வயதில் உப்புச் சாக்குத் தூக்கத் தொடங்கிய தோள். வள்ளத்தில் வந்தவள், கிறிஸ்மஸ் தீவிலும் வேறு இரண்டு முகாம்களிலுமாக இரண்டு வருடம் அடைபட்டுக் கிடந்து, தற்காலிக விசாவோடு வெளியே விடப்பட்டவள். நிரந்தர விசா வருவதற்குப் பாதுகாப்பு விசாரணை முடிய வேண்டும். அது வந்தால் மகள் தாரகாவைக் கூப்பிடலாம். மகளுக்குப் பதினெட்டு தாண்டினால் கூப்பிடுவது கஷ்டம், அப்போது பதினாறு நடந்துகொண்டிருந்தது. வள்ளம் ஏறும் நாளில் காலில் செல் குண்டுத் துண்டோடு ஆஸ்பத்திரியில் கிடந்த பிள்ளையை ஏற்ற முடியவில்லை. இப்போது மன்னாரில் சின்னம்மா வீட்டில் இருந்தாள். வாரம் ஒருமுறை சீருடைக்காரர் வந்து, வீட்டில் யார் யார் என்று பதிந்துவிட்டுப் போகும் வீடு.

வேலை கொடுத்தவர் சிறி. எண்பத்தேழில் வந்து, கவுன்சில் பூங்காக்களின் கக்கூசுகளையும் நினைவுக் கற்களையும் கழுவும் ஒப்பந்தம் எடுத்தவர். முதல் நாள் கல்லைக் காட்டினார்.

"மரின் எண்டா ஆர் அண்ணை?"

"கடலால வந்து இறங்கிச் சண்டை பிடிக்கிற ஆக்கள்."

"எங்கட பெடியள் மாதிரியோ?"

சிறி சுற்றிவரப் பார்த்தார். பூங்காவில் ஒரு நாயும் அதன் சொந்தக்காரியும் மட்டும்தான் நின்றார்கள். "தங்கச்சி, அந்தக் கதையை அந்தக் கடலிலயே போட்டுட்டு வா. இஞ்ச அட்டைக்கு உப்புப் போடுறதுதான் உன்ர வேலை. உப்பு உனக்குத் தெரியும்தானே?"

உப்பு தெரியும். ஆனால் சிறிக்குத் தெரியாத ஒன்று அவளுடைய கோப்பில் கிடந்தது. 2010இல் கிறிஸ்மஸ் தீவில் முதல் நேர்காணல், மொழிபெயர்ப்பாளர் தொலைபேசியில் ஒரு குரல், கல்யாணசுந்தரம் என்று பெயர் சொன்னார். சென்னையிலிருந்து வந்து பொயிண்ட் குக்கில் வீடு வாங்கி, கம்ப்யூட்டர் வேலையோடு இதையும் செய்தவர். செத்த மகன் ஜசிந்தன் என்ன வேலை பார்த்தார் என்று அதிகாரி கேட்டாள். "அவன் இயக்கம்" என்றாள் திரேசா. அவளுடைய ஊரில் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான், ஆயுதம் தூக்கிய பெடியள், குழந்தைக்கும் தெரியும். கல்யாணசுந்தரத்தின் ஊரிலோ அது சினிமாச் சுவரொட்டியின் அடியில் கடைசியாக வரும் சொல். மகன் பட இயக்கத்தில் இருந்தவர் என்று அவர் இங்கிலிஷில் சொல்லி, பெயரை எழுத்துக் கூட்டினார். அதிகாரி எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். பதினேழு வயதில் அவனை வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று இயக்கம் பிடித்துக்கொண்டு போனதையும், வள்ளம் ஓட்ட விட்டதையும், 2009 மாசி மாதம் கடலில் செத்ததையும், உடம்பு வராததையும் சொல்வதற்கென்று வாயில் வைத்திருந்தவள் அப்படியே விழுங்கிக்கொண்டாள். பிறகு முகாமில் இங்கிலிஷ் தெரிந்த பெட்டைப்பிள்ளை ஒருத்தி கோப்பை வாசித்துச் சொன்னபோதுதான் மகன் சினிமாக்காரன் ஆனது தெரிந்தது. திரேசா சிரிக்கவில்லை, திருத்தவும் இல்லை. இயக்கம் என்று எழுதியிருந்தால் இன்னும் உள்ளேதான் கிடந்திருப்பாள். அப்படிக் கிடந்தவர்களை அவளுக்குப் பெயர் பெயராய்த் தெரியும்.

வேலைக்குச் சேர்ந்த அடுத்த மாதம், பெப்ரவரியில், ஆறாவது வரிசை ஈரமாகத் தொடங்கியது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். பூங்காவுக்கு முன்னாலிருந்த கடலின் உப்பு அல்ல, அது சப்பென்று இருக்கும். இது கருவாட்டுக்குப் போட்டால் மூன்றாம் நாளே இறுகிவிடும் உப்பு. ஊர்க் கடல். இரண்டாம் வாரம் ஈரத்தின் நடுவில் தமிழ் எழுத்தில் ஒரு பெயர் எழும்பி நின்றது. ஆழியன். மகனுக்கு இயக்கம் வைத்த பெயர். மற்றப் பெயர்களின் அதே அளவு, அதே ஆழம். இந்தக் கல்லும் மொழிபெயர்ப்பாளர் மாதிரிப் பிழை விட்டுவிட்டது என்று நினைத்தாள், அங்கே சினிமாக்காரன், இங்கே மரின். கம்பித் தும்பால் பத்து நிமிடம் தேய்த்தாள், போய்விட்டது. அடுத்த செவ்வாய் திரும்ப வந்தது. ஆறு மாதம் ஒவ்வொரு செவ்வாயும் தேய்த்தாள். அதைத் தேய்ப்பதில் அவளுக்கு ஒரு தயக்கமும் இருக்கவில்லை. பிடித்துக்கொண்டு போனவர்கள் வைத்த பெயர், அவள் வைத்ததல்ல.

ஓகஸ்ட் கடைசியில் இரண்டாவது நேர்காணல். தொலைபேசியில் அதே குரல்.

"அம்மா, உங்க பையன் என்னென்ன படம் இயக்கினார்னு கேக்கறாங்க."

இயக்கினார் என்ற சொல்லில் அவருடைய குரல் இடறியது. எதிர்ப்பக்கத்தில் மூச்சு நின்று திரும்ப வருவது கேட்டது. இரண்டு வருடமாகத் தெரியாதது அந்த மூச்சில் அவருக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்கும் விளங்கியது.

"அவன் ஒண்டும் முடிக்கேல்லத் தம்பி" என்றாள். அதை அவர் ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். அதிகாரி அனுதாபம் தெரிவித்தாள்.

அடுத்த செவ்வாய் கல்லில் ஆழியன் இல்லை. அந்த இடத்தில் இங்கிலிஷ் எழுத்தில், மற்றவர்களைப்போல, ஜசிந்தன் என்று இருந்தது. கோப்பில் பார்த்த அதே எழுத்துகள், யாரும் வாசிக்கலாம். திரேசா தும்பை எடுத்தாள், வாளியில் நனைத்தாள், திரும்ப வாளிக்குள் போட்டாள். யாரோ வைத்துவிட்டுப் போன பிளாஸ்ரிக் மலர்வளையத்தை எடுத்துப் பெயரின் மேலே தொங்கவிட்டாள். ஒன்பது வாரம் அப்படியே ஓடியது. கடல் தண்ணீர் வளையத்துக்கு அடியால் வடிந்து, புல்லில் ஒரு முழம் கருகியது. ஒருநாள் அதில் இரண்டு இறால் கிடந்தன.

சிறி கண்டுபிடித்தது நவம்பரில். போரில் செத்தவர்களை நினைக்கும் நாள் அந்த வருடம் ஞாயிற்றுக்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமை பார்வையிட வந்தவர் வளையத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் பக்கத்து மர வாங்கில் குந்தினார்.

"உனக்கு விசர் பிடிச்சிட்டுதோ? ஞாயிறு கவுன்சில் ஆக்கள், பேப்பர்க்காரர் எல்லாம் வருவினம். தேய்."

"நான் எழுதேல்ல அண்ணை."

"நீ எழுதினாய் எண்டு ஆர் சொன்னது? ஈராக்கில செத்தவை மட்டும் தாங்களோ மணல் கொட்டுறது? கேள்வி ஆர் எழுதினதெண்டு இல்லை, ஆர் வாசிக்கிறதெண்டு."

அன்று பின்னேரம் மன்னாருக்குப் போன் எடுத்து மகளிடம் சொன்னாள். ஒளிக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை, அதிகாரிகளிடம் தவிர. தாரகா கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: "அம்மா, அவன் செத்துப்போனான். நான் இன்னும் சாகேல்ல. அழியுங்கோ."

"ஓம்" என்றாள் திரேசா.

சனிக்கிழமை போனாள். சேற்றைக் கழுவினாள், பனியை உருக்கினாள், அட்டை பொறுக்கினாள், தூளையும் மணலையும் கூட்டி அள்ளினாள். பிறகு வளையத்தை இறக்கிவிட்டு முதல் எழுத்தில் தும்பை வைத்தாள். ஞானஸ்நானத்தன்று பாதிரியார் அந்தப் பெயரைக் கேட்டு, எழுத்துக் கூட்டி, பங்குப் புத்தகத்தில் எழுதியிருந்தார். கோவில் செல் விழுந்து எரிந்தபோது புத்தகமும் போனது. மரணச் சான்றிதழ் கேட்டபோது உடம்பைக் கொண்டுவா என்றார்கள். அவன் பிறந்ததற்கும் செத்ததற்கும் உலகத்தில் ஒரு துண்டுத் தாள் இல்லை, சினிமாக்காரன் என்று எழுதிய அந்தக் கோப்பைத் தவிர. தும்பு எழுத்தின் மேலே கிடந்தது, கை அதை அழுத்தவில்லை. எவ்வளவு நேரம் நின்றாள் என்று தெரியாது. வளையத்தைத் திரும்பத் தொங்கவிட்டு, வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்குப் போனாள். மகளுக்கு எடுக்கவில்லை.

ஞாயிறு பதினொரு மணிக்கு நாற்பது பேர் வந்திருந்தார்கள். ஊதுகுழல் ஊதி முடிய, கவுன்சில் அதிகாரி புது வளையம் வைப்பதற்குப் பழையதை எடுத்தார். வாசித்தார். பெயர்ப் பட்டியலைப் பார்த்தார், திரும்ப வாசித்தார். சிறி வானுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். டொரத்தி தன் கதிரையைக் கல்லுக்குக் கிட்ட உருட்டச் சொல்லி, ஏதோ கேட்டாள். எல்லாரும் வாளியோடு நின்ற திரேசாவைப் பார்த்தார்கள். அவளுக்கு வந்த இங்கிலிஷில் அட்டையும் பனியும் இருந்தன, இதற்குச் சொல் இருக்கவில்லை.

கூட்டத்தின் ஓரத்தில் காலை நடைக்கு வந்து நின்றுவிட்ட, வெள்ளைச் சப்பாத்துப் போட்ட ஒரு மனிதர் முன்னுக்கு வந்தார். "நான் வேணா ட்ரான்ஸ்லேட் பண்ணட்டுமாம்மா?"

முகம் தெரியாது. குரல் தெரியும். அவர் கல்லைப் பார்த்தார். அந்த எழுத்துகளை இரண்டு தரம் தன் வாயால் கூட்டியவர் அவர்.

"இது யாருன்னு அந்தப் பெரியம்மா கேக்கறாங்க."

"என்ர மகன்."

"எந்தச் சண்டைல செத்தார்னு..."

"தம்பி, நீங்கள் சொன்ன கதையைச் சொல்லட்டோ, நடந்த கதையைச் சொல்லட்டோ?"

கல்யாணசுந்தரம் நெற்றியைத் துடைத்தார். "நீங்க சொல்றத அப்படியே சொல்றேன். இந்தத் தடவை."

திரேசா சொன்னாள். இரண்டு வருடத்துக்கு முதல் விழுங்கியதை, பத்து மாதம் கழுவிய கல்லுக்கு முன்னால், கருவாட்டு விலை சொல்கிற குரலில் சொன்னாள். கடைசியில் "அவன் இயக்கம்" என்றும் சொன்னாள். அவர் அந்தச் சொல்லை இம்முறை சரியாகச் சொன்னார். பேப்பர்க்காரன் எழுதினான், படம் எடுத்தான். கவுன்சில் அதிகாரி, இது வேறு நாட்டுச் சண்டை, இந்தக் கல் இன்னாருக்கு என்று தொடங்க, டொரத்தி கையைத் தூக்கினாள்.

"அந்த இடத்த அடுத்த சண்டைக்குன்னுதான் விட்டோம், யாரோட சண்டைன்னு எழுதி வைக்கலையேன்னு சொல்றாங்க" என்றார் கல்யாணசுந்தரம். "அப்புறம், பையனுக்கு என்ன வயசுன்னு கேக்கறாங்க."

"பதினெட்டு முடியேல்ல."

டொரத்தி முதல் வரிசையில் ஒரு பெயரை விரலால் தொட்டு, சேற்றை மடியில் துடைத்தாள். அவனுக்குப் பத்தொன்பது என்றாள்.

2013 மார்ச்சில் மூன்றாவது நேர்காணல் நடந்தது. மேசையில் பேப்பரில் வந்த அந்தப் படம் இருந்தது. மொழிபெயர்க்க வேறொருவர் வந்திருந்தார். கல்யாணசுந்தரம் தன் பிழையைத் தானே எழுதிக் கொடுத்து, மொழிபெயர்ப்பாளர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டிருந்தார். திரேசா எல்லாவற்றையும் திரும்பச் சொன்னாள். கோப்பு மேலதிக பரிசீலனைக்குப் போனது. அது எந்த மேல், எத்தனை மாதம் என்று ஒருவரும் சொல்லவில்லை. சிறி அவளை நிறுத்திவிட்டு இன்னொருவனைப் போட்டார். அவன் அட்டையைப் பார்த்து முதல் நாளே ஓடிவிட்டான், அடுத்த செவ்வாய் திரேசாவே வானில் ஏறினாள். தாரகா ஆறு மாதம் கதைக்கவில்லை. சின்னம்மா எடுத்து, பிள்ளை சாப்பிடுகிறாள், சீருடைக்காரர் வந்து போகிறார்கள், வேறு புதுச் செய்தி இல்லை என்று சொல்வாள்.

செப்டெம்பரில் ஒரு நாள், வேலை நேரத்தில், தாரகாவே எடுத்தாள்.

"தண்ணி இன்னும் வருதோ?"

"ஓம்."

"எங்கட உப்புத்தானோ?"

"எங்கட உப்புத்தான்."

கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் கடல் இரைந்தது. "எனக்குப் பதினெட்டு வர இன்னும் ஏழு மாசம் கிடக்கம்மா" என்று சொல்லிவிட்டு அவள் வைத்துவிட்டாள். அது கோபமா, கணக்கா, மன்னிப்பா என்று திரேசா யோசித்துக்கொண்டே மணலைக் கூட்டினாள்.

அன்று வேலை முடிய, வானின் கதவில் இருந்த தாளின் உறையைக் கிழித்து, கடைசி வரிக்குக் கீழே தமிழில் எழுதினாள்: ஆறாவது வரிசை, கடல் தண்ணீர், தேய்க்க வேண்டாம், வாளி வைத்தால் போதும். பிறகு உறையை ஒட்டினாள். சிறி வாசித்தார், அடுத்த வாரம் பெரிய வாளி ஒன்று வாங்கி வைத்தார். அதில் நிறைந்த தண்ணீரைத் திரேசா வீட்டுக்குக் கொண்டுபோய், பின்வளவில் தகரத் தட்டில் ஊற்றிக் காயவிட்டாள். அந்த வருடம் கடையில் உப்பு கிலோ ஒரு டொலர் விற்றது. அவள் வாங்கவில்லை.