ஈரம் காயாத பட்டை

ஒன்பது வருடம் எங்கள் ஊர்ப் பட்டையைத் துவைத்தவள் நான்தான். அந்த ஒன்பது வருடத்தில் ஒரு நாள்கூட அதைப் போட்டுக்கொண்டு ஓடியது கிடையாது.

பிப்ரவரியில் எங்கள் மாவட்டத்து ஊர்களுக்கெல்லாம் நெடுஞ்சாலைத் தொடரோட்டம் நடக்கும். நாற்பத்திரண்டு கிலோமீட்டர், ஏழு கட்டம், ஏழு பேர். கையில் கோல் எதுவும் கிடையாது. தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்காகப் போடும் துணிப்பட்டைதான் ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் போகும். எங்கள் ஊர் நாகுராவின் பட்டை கரும்பச்சை. ஊர்ப் பெயரை வெள்ளை நூலில் தைத்திருக்கும். ஆறாம் கட்டம் ஓடுகிற குசுமி அதைக் கடைசிக் கட்டம் ஓடுகிற என்னிடம் கொடுக்க வேண்டும். கொடுத்ததே இல்லை.

சாலையை நெடுநேரம் மூடி வைக்க முடியாது என்பதற்காக ஒரு விதி வைத்திருக்கிறார்கள். முதல் அணி கடந்துபோய்ப் பத்து நிமிடம் ஆனதும், பட்டை வந்து சேராத ஊர்க்காரர்களையெல்லாம் வரிசையாக நிறுத்தி, மஞ்சளும் வெள்ளையும் கோடு போட்ட மாற்றுப் பட்டையை மாட்டி, துப்பாக்கியைச் சுட்டு விரட்டிவிடுவார்கள். அந்த மாற்றுப் பட்டையை நான் ஒன்பது முறை போட்டிருக்கிறேன். அட்டைப்பெட்டியிலிருந்து மடிப்புக் கலையாமல் மொடமொடவென்று வரும். ஒரு மனிதருடைய சூடும் அதில் இருக்காது. ஆஸ்பத்திரியில் மாட்டிவிடுகிற சட்டை மாதிரி.

குசுமி வேறு யாருமில்லை, நான் வேலை பார்க்கிற பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தின் தலைவர். தினமும் அறுநூற்று நாற்பது பிள்ளைகளுக்குச் சமைக்கிறோம். அண்டாவில் துடுப்பு போடுகிறவள் நான். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவர் அவர். இருபது வருடத்தில் சாப்பாட்டு வண்டி ஒரு நிமிடம் தாமதமாகப் பள்ளிக்குப் போனதில்லை. அப்படிப்பட்ட மனிதர் ஓட்டப்பந்தயத்தில் இறங்கினால் மட்டும் தாமதம். ஐம்பத்து மூன்று வயது, மேட்டுச் சாலை, எதிர்க்காற்று என்று ஊரே அவருக்குப் பரிந்து பேசும். நான் பேச மாட்டேன்.

ஒவ்வொரு வருடமும் பந்தயம் முடிந்த சாயங்காலம் விருந்தில் பட்டையை நாலாக மடித்து, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டுவார். "மினோவா சான், இந்த வருஷமும் மன்னிச்சிடுங்க." எல்லோரையும் மரியாதைக்கு 'சான்' சேர்த்து, 'நீங்க' போட்டுத்தான் பேசுவார், கொதிக்கிற கெட்டிலைக்கூட.

"உங்க மன்னிப்பை நான் எத்தனை வருஷம்தான் ஊறுகாய் போடறது, தலைவரே?" என்று பிடுங்கிக்கொள்வேன்.

அதற்குள் அது காய்ந்து, உப்புக் கோடு விழுந்து விறைத்திருக்கும். வீட்டுக்கு வந்து வெந்நீரில் போட்டால் தண்ணீர் கலங்கும். ஆறு பேருடைய வியர்வை. என்னுடையது ஒரு சொட்டு அதில் இருந்ததில்லை. எனக்குப் பதக்கம் வேண்டாம், பேப்பரில் பெயர் வேண்டாம். இன்னொருவர் உடம்பிலிருந்து கழற்றின சூட்டோடு, சொட்டச் சொட்ட, அது ஒரு தடவை என் கைக்கு வர வேண்டும். குளியலறையில் குத்துக்காலிட்டு அதைக் கசக்கும்போது எனக்கு அழுகை வந்துவிடும். "எதை எடுத்தாலும் நூறு யென் கடையில பச்சைத் துணி கிடைக்குது, வாங்கிட்டு வரட்டுமா?" என்று ஒருமுறை என் கணவர் கேட்டார். மூன்று நாள் அவரோடு நான் பேசவில்லை.

இந்த வருடம் அந்த ஏக்கம் தலைக்கேறிவிட்டது. ஏப்ரலில் எங்கள் நாகுராவைப் பக்கத்துக் கிதாசே நகரத்தோடு சேர்த்துவிடுகிறார்கள். அவர்களுடைய அணியில் தொழிற்சாலைக்காரர்கள் சிறுத்தை வேகத்தில் ஓடுகிறார்கள். எங்களைத் தண்ணீர் டம்ளர் நீட்டக்கூடக் கூப்பிட மாட்டார்கள். இதை விட்டால் எனக்கு இன்னொரு பிப்ரவரி கிடையாது.

காலையில் பஸ்ஸில் குசுமிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"தலைவரே, இன்னிக்கும் வந்து சேரலேன்னா, திங்கட்கிழமை உங்க மூஞ்சியிலேயே முழிக்க மாட்டேன்."

"எனக்கு மட்டும் கொடுக்கணும்னு இருக்காதா?" என்றார். தைலம் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "நீங்க போனதுக்கப்புறம் நான் அந்தக் கோட்டுக்கு வந்து நிப்பேன். எல்லாரும் கைதட்டுவாங்க. எதுக்குத் தட்டறாங்கன்னு எனக்குப் புரியாது. ரோட்டைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுட்டு ஓரமா ஒதுங்கிடுவேன். ஒன்பது வருஷமா இதான்."

எனக்குச் சுருக்கென்றது. ஒன்பது வருடமும் என் வயிற்றெரிச்சலை மட்டுமே நான் பார்த்திருந்தேன். அந்த ஆளுக்கும் ஒன்று இருக்கும் என்று தோன்றவே இல்லை. அதற்காக மன்னிப்புக் கேட்கவில்லை. "சரி, சரி, நல்லாத் தேயுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

கடைசிக் கட்டம் ஒரு டயர் கடை வாசலில் தொடங்கும். ஓரத்தில் தள்ளிவிட்ட பனி இடுப்பு உயரத்துக்கு அழுக்காகக் கிடந்தது. நான் கழற்றித் தரும் குளிர்க்கோட்டை வைத்துக்கொள்ள ஹனாயோ அக்கா வந்திருந்தாள். எங்கள் கூடத்தில் காய் நறுக்குகிறவள். நாக்கு அவள் கத்தியைவிடக் கூர்மை. ஒரு காதில் போனை வைத்துக்கொண்டு சேதி சொன்னாள்.

"மூணாவது கட்டத்துல அந்தப் பள்ளிக்கூடப் பொண்ணு ஆறு பேரைத் தாண்டிட்டாளாம்டி!"

"நாலாவது?"

"நாலாவதும் நல்லா ஓடிட்டானாம். ஏ மினோவா, குதிக்காதே, கால் சுளுக்கிக்கப் போவுது."

ஐந்தாம் கட்டம் முடிந்து குசுமி பட்டையை வாங்கியபோது முதல் அணிக்கு ஏழு நிமிடம் பத்து வினாடி பின்னால் இருந்தோம். இவ்வளவு முன்னால் அவர் கைக்கு அது வந்ததே இல்லை. ஐந்து கிலோமீட்டரில் இரண்டு நிமிடம் ஐம்பது வினாடிக்கு மேல் அவர் இழக்காவிட்டால் போதும். போன வருடம் மூன்றரை நிமிடம் இழந்தார். இந்தக் கணக்கை விரல் விட்டு மூன்று தடவை போட்டுப் பார்த்தேன்.

முதல் அணி பதினொன்று நாற்பத்திரண்டுக்கு எங்களைத் தாண்டிப் போனது. பிறகு ஒவ்வொரு ஊராக வந்தது. வந்தவன் கொடுத்தான், நின்றவள் வாங்கினாள், போனாள். பசித்தவள் பந்திக்கு வெளியே நிற்பதுபோல் நின்றேன். ஒன்பதாவது நிமிடத்தில் மிச்சமிருந்த நாலு பேரையும் வரிசையில் நிறுத்தினார்கள். என் கழுத்தில் அந்த மஞ்சள் சனியனை மாட்டினார்கள்.

துப்பாக்கி வைத்திருந்தவர் வெள்ளைக் கையுறை போட்ட ஒல்லி மனிதர்.

"ஐயா, உங்க கடிகாரம் சரியா ஓடுதா?"

"ரேடியோ அலையை வாங்கி அதுவே நேரத்தைச் சரி பண்ணிக்கற கடிகாரம்மா. தப்பே வராது."

"ஒரே ஒரு தடவை வந்தா என்ன குறைஞ்சிடும்?"

அவர் சிரிக்கவில்லை. இன்னும் நாற்பது வினாடி என்றார். அப்போது வளைவில் கரும்பச்சை தெரிந்தது.

வளைவிலிருந்து கோட்டுக்கு இருநூறு மீட்டர். குசுமியின் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது, தலை தோளில் சாய்ந்திருந்தது. அழகாக ஓடுகிற மனிதர் இல்லை அவர். ஆனால் அன்று எனக்கு அவர் முகத்தைவிட அழகான ஒன்று உலகத்தில் இல்லை. பட்டையைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டார். இருபது வினாடி. இன்னும் நூறு மீட்டருக்கு மேல் இருந்தது. எனக்குக் கத்த வாய் வரவில்லை.

ஹனாயோ அக்காவுக்கு வந்தது. பனிமேட்டில் ஏறி நின்று, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள். "தலைவரே! சாப்பாட்டு வண்டி லேட்டாயிடுச்சு! பிள்ளைங்க பசியோட உட்கார்ந்திருக்கு!"

சத்தியமாகச் சொல்கிறேன், குசுமி ஒரு துள்ளு துள்ளினார். யாரோ பின்னாலிருந்து உதைத்ததுபோல் ஓடி வந்தார். ஒல்லி மனிதர் துப்பாக்கியைத் தூக்கினார். பத்து, ஒன்பது. மஞ்சள் பட்டையைக் கழற்றித் தரையில் எறிந்தேன். அது அவருடைய பளபளப்பான ஷூ மேல் போய் விழுந்தது. ஐந்து, நாலு. கையை நீட்டி, "இங்கே! இங்கே!" என்று கத்தினேன். வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் கத்துவார்கள். ஒன்பது வருடமாகத் தொண்டைக்குள்ளேயே கிடந்த வார்த்தை.

"கொடுத்துட்டேன்!" என்றார் குசுமி. கொடுத்துவிட்டார். எனக்குப் பின்னால் வெடிச்சத்தம் கேட்டது.

சூடாக இருந்தது. நான் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. பிழியாத துணியைக் கொடியில் போட எடுத்தால் எப்படி இருக்கும், அப்படி. தலை வழியாக மாட்டினபோது தைல நாற்றமும் ஆறு பேருடைய உப்பும் மூக்கில் ஏறின. முதல் கிலோமீட்டர் முழுக்க அழுதுகொண்டே ஓடினேன். ஓரத்தில் நின்ற ஒரு தாத்தா, "வலிக்குதாம்மா?" என்று கேட்டார். "இல்ல!" என்று அவர் மேல் எரிந்து விழுந்தேன்.

இரண்டாவது கிலோமீட்டரில் காற்று பட்டுப் பட்டை சில்லிட்டது. கழுத்தில் பனிக்கட்டி வைத்ததுபோல் உறுத்தியது. அதுவும் நன்றாகத்தான் இருந்தது. நாலாவதில் என் வியர்வையும் அதில் இறங்கி மறுபடி சூடானது. முன்னால் போன மூன்று ஊர்களைத் தாண்டினேன். எட்டு கிலோமீட்டரும் இப்படியே முடியாமல் போனால் தேவலை என்றுகூடத் தோன்றியது.

முடியத்தான் போகிறது. மாவட்ட அலுவலக வளாகத்துக்குள் திரும்பியதும் கடைசிக் கோடு தெரிந்தது. அதைப் பார்த்த அந்த நிமிடம்தான் எனக்கு உறைத்தது. மற்ற எல்லோரும் வாங்குகிறார்கள், கொடுக்கிறார்கள். கடைசிக் கட்டக்காரி வாங்க மட்டும்தான் முடியும். கோட்டைத் தாண்டியதும் ஊர் அலுவலகத்துக்காரர் இதை வாங்கிக்கொள்வார். இதைக் காட்சிக்கு வைக்கக் கிதாசே நகராட்சியில் கண்ணாடிப் பெட்டி ஒன்று தயாராக இருக்கிறதாம். அதற்குப் பிறகு இது யாருடைய உடம்பிலும் நனையாது. வாங்க வேண்டும் வாங்க வேண்டும் என்று ஒன்பது வருடம் தவித்தேன். கொடுக்க ஆளில்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

கால் தானாகக் குறைந்தது. நடந்தேன். கோட்டுக்கு ஐந்தடி இருக்கும்போது நின்றே விட்டேன்.

"மினோவா! கால் பிடிச்சுக்கிச்சா?" எங்கள் அணி மேலாளர் கத்தினார்.

"இன்னும் அஞ்சடிதாம்மா! உருண்டாவது வா!" யாரோ.

நான் தாண்டி வந்த ஊர்க்காரி ஒருத்தி என்னைப் பார்த்தபடியே கடந்து போனாள். பிறகு இன்னொருத்தி. மேலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்கு அவர்கள் மேலெல்லாம் கோபம் வந்தது. நான் பட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அடம்பிடிக்கிற குழந்தை மாதிரி நின்றுகொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. நகர முடியவில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு குசுமி வந்தார். ஓடி முடித்தவர்களை ஏற்றி வருகிற வேன் அவரைக் குறுக்கு வழியில் கொண்டு வந்து இறக்கியிருக்க வேண்டும். போர்வை போர்த்தி, ரப்பர் செருப்பு மாட்டி, இடது காலை இழுத்து இழுத்து நடந்தார். என் முகத்தைப் பார்த்தார். என் கைகளைப் பார்த்தார்.  போர்வையை மேலாளரின் தோளில் போட்டுவிட்டு, கோட்டுக்கு அந்தப் பக்கம் சரியாக வந்து நின்றார். உடம்பைப் பாதி திருப்பி, ஒரு கையை என் பக்கமாக நீட்டினார்.

"மினோவா சான்!" அந்த மனிதர் கத்தி நான் அதுவரை கேட்டதில்லை. "இங்கே! இங்கே!"

பட்டையைக் கழற்றிக் கையில் சுற்றினேன். ஐந்தடிதான். என் வாழ்நாளில் அந்த ஐந்தடி மாதிரி நான் ஓடினதில்லை. அவருடைய உள்ளங்கையில் அதை அறைந்தேன். "கொடுத்துட்டேன்!" என்றேன்.

குசுமி அதைத் தலை வழியாக மாட்டிக்கொண்டு ஓட ஆரம்பித்தார். துண்டு கொடுக்கிறவர்களை இடித்துக்கொண்டு, மேசையைச் சுற்றிக்கொண்டு, ஒரு செருப்பு கழன்று விழுந்தும் நிற்காமல் ஓடினார்.

"ஏங்க, எங்கே போறீங்க? பந்தயம் முடிஞ்சிருச்சு!" என்று ஒலிபெருக்கியில் ஒருவர் கூப்பிட்டார்.

"ஓடுங்க தலைவரே!" நான் தொண்டை கிழியக் கத்தினேன். "நிக்காதீங்க, ஓடுங்க!"

அவர் வளாகத்தின் வெளிவாசலை நெருங்கிவிட்டார். அங்கே நின்றிருந்த போலீஸ்காரருக்கு என்ன ஏது என்று ஒன்றும் புரிந்திருக்காது. ஆனாலும் கையைக் காட்டி, வந்துகொண்டிருந்த ஒரு பஸ்ஸை நிறுத்தி அவருக்கு வழி விட்டார்.