வெஸ்டா கோயில் குப்பை

1

இந்தக் கதை நான் இட்டுக்கட்டியதல்ல. எதிர்வீட்டு ஜன்னல் திறந்திருந்தது, என் காதும் திறந்திருந்தது. மீதியை ரொட்டிக்கடை புரோக்குலா சொன்னாள். அவள் சொல்வதில் பாதி பொய். எந்தப் பாதி என்று தெரிந்தால் நான் ஏன் கதை எழுதுகிறேன், சாட்சி சொல்லப் போயிருப்பேன்.

முதல் தொடக்கம்: ரோமாபுரியில் ஹெல்வியஸ் என்றொரு தயாள குணமுள்ள கம்பளி வியாபாரி...

(மெழுகுப் பலகையில் எழுதுவதில் இது ஒரு சௌகரியம். கட்டைவிரலால் தேய்த்தால் தயாள குணம் போய்விடுகிறது.)

2

அவன் வீட்டு அடிமை பிலேமா. நிறைமாதம். தகப்பன் யார் என்று தெருவுக்கே தெரியும், கேட்கத்தான் ஆளில்லை. அவளை விடுதலை செய்வதாக ஹெல்வியஸ் வாக்குக் கொடுத்திருந்தான். பிரசவத்துக்கு முன்பு விடுதலை என்றால் பிள்ளை சுதந்திரமாகப் பிறக்கும். பின்பு என்றால் அது அவன் சொத்து. அவள் கேட்டதெல்லாம் அந்த ‘முன்பு’ ஒன்றைத்தான்.

"நீதிபதிகிட்ட எப்போ போறோம் எசமான்?"

"கம்பளி வந்து இறங்கட்டும்டி. நான் என்ன ஓடியா போயிடப் போறேன்?"

மே முழுக்க இதே பேச்சு. கம்பளி இறங்கியது. அதற்குள் ஜூன் பிறந்து, அடுப்பு நெருப்பின் தெய்வமான வெஸ்டா தேவியின் நாட்கள் வந்துவிட்டன. பத்து நாள் நீதிபதி தீர்ப்புச் சொல்ல வாய் திறக்கக் கூடாது.

(மறந்தானா, நாள் பார்த்துக் கடத்தினானா? நல்ல கதாசிரியர் இங்கே அவன் மனசுக்குள் புகுந்து பார்ப்பார். நான் அவன் வீட்டு வாசலையே தாண்டியதில்லை. ஆகவே அவன்...)

3

ஜூன் பதினைந்தாம் தேதி காலையில் ஹெல்வியஸ் அவளை நீதிமன்றத்துக்கு அழைத்துப் போனான். நானும் பின்னாலேயே போனேன். [அந்தப் பக்கம் வேலை இருந்தது என்று எழுதியிருந்தேன். வேலை இல்லை.]

அன்றைக்குத்தான் வெஸ்டா கோயிலைக் கூட்டுவார்கள். குப்பை வெளியேறும்வரை நீதிமன்றமும் மூடினதுதான். நீதிபதி கொட்டாவி விட மட்டும் வாயைத் திறந்தார். பக்கத்தில் சேவகன், கையில் கோல். அது பிலேமாவின் தலையில் பட்டு, நீதிபதி ஒரு வார்த்தை சொன்னால் அவளுக்கு விடுதலை.

அவளுக்கு வலி கண்டது. தூணைக் கட்டிக்கொண்டாள்.

"இன்னும் எத்தனை கூடை அக்கா?"

ஓடிப்போய்ப் பார்த்துவந்தேன். "கடைசிக் கூடைடி. பல்லைக் கடிச்சுக்கோ."

பொய். கன்னிப் பூசாரிகள் மூலை மூலையாகப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். புண்ணியத்துக்கு என்ன அவசரம்?

"ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கய்யா!" என்று நீதிபதியைப் பார்த்துக் கத்தினாள்.

"சாமி காரியத்துல குறுக்கே பேசாதே," என்று ஹெல்வியஸ் அதட்டினான்.

பெண் குழந்தை. என் போர்வை மேல் பிறந்தது. நான் தொப்புள்கொடியை முடிச்சுப் போடும்போது கோயில் பக்கமிருந்து குரல் வந்தது: குப்பை போயாச்சு!

4

மதியம் கோல் தலையைத் தொட்டது. பிலேமா சுதந்திரப் பெண். அவள் மார்பில் ஹெல்வியஸின் சொத்து பால் குடித்துக்கொண்டிருந்தது.

"இவளையும் தொட்டுடச் சொல்லுங்க எசமான். கோல் இங்கேயேதானே இருக்கு."

"ஒரு நாளைக்கு ஒண்ணு போதும். இனி நான் உனக்கு எசமானும் இல்லடி. எங்க வேணும்னாலும் போ."

(அவன் முகத்தில் அவள் துப்பினாள் என்று எழுதினேன். புரோக்குலாவுக்குப் படித்துக் காட்டினேன். "துப்பினா பிள்ளையை எந்த ஊர்ல வித்திருப்பானோ! யோசிச்சு எழுதுக்கா," என்றாள். தேய்த்துவிட்டேன்.)

5

ஒரு முடிவில் பிலேமா தனியாகத் தெருவைவிட்டுப் போகிறாள். இன்னொன்றில் அதே வீட்டில், அதே மூலையில், சுதந்திரமாகக் கம்பளி நூற்கிறாள். இரண்டிலும் குழந்தை அவன் வீட்டில்தான் அழுகிறது.

மூன்றாவது முடிவுக்கு ஹெல்வியஸ் அதைத் தூக்கிக்கொண்டு ஒரு நடை நீதிமன்றம் போனால் போதும். நேற்று திறந்திருந்தது. இன்றைக்கும் திறந்திருக்கிறது. யாராவது அவனிடம் கேட்டால் தேவலை. நீங்கள் கேளுங்கள். எனக்கு அவன் எதிர்வீட்டுக்காரன். காலையில் எழுந்து வணக்கம் சொல்லியாக வேண்டும்.