பிரபுவின் ஒற்றைக் கையெழுத்து

மூன்றாவது தடவையும் காகிதம் திரும்பி வந்தது. எங்கள் தீவு நாட்டின் தலைநகர் சுவாவிலிருந்த விசா ஏஜென்ட் அதே குறிப்பைத்தான் எழுதியிருந்தான்: சான்று கொடுத்த வக்கீலின் முழுப்பெயர் தேவை.

அந்த வக்கீல் என் முதலாளி. லம்பாசாவில், நசியா கடைத்தெரு மாடியில், ஒன்பது வருடமாக அவரிடம் குமாஸ்தாவாக இருக்கிறேன். வேல்ஸ் நாட்டுக்காரர், பாரிஸ்டர். அண்ணன் செத்ததும் பரம்பரைப் பிரபுப் பட்டம் இவருக்கு வந்தது. அன்றிலிருந்து ‘லான்வேரன்’ என்று ஒரே சொல்லில்தான் கையெழுத்து. பிரபுக்கள் அப்படித்தான் போடுவார்களாம்.

ஒரே வருடத்தில் இரண்டாவது முறையாக ராணுவம் ஆட்சியைப் பிடித்திருந்தது. எங்களைப் போன்ற இந்திய வம்சத்து ஆட்கள் நாட்டை விட்டுக் கிளம்ப, ஊரிலிருந்த மற்ற வக்கீல்களும் மூட்டை கட்டிவிட்டார்கள். என் கணவர் பல்ராமும் மகள் ரோஷ்னியும் ஆக்லாந்து போய் ஆறு மாதம். பிறப்புப் பத்திரத்தில் நான் வெறும் இந்திராவதி, பாஸ்போர்ட்டில் இந்திராவதி பொன்சாமி. இரண்டும் ஒரே ஆள் என்று ஒரு வக்கீல் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் போகாவிட்டால் என் மனு தள்ளுபடி.

“சார், உங்க பழைய பேரையும் சேர்த்துப் போடுங்க. புண்ணியமாப் போகும்.”

“முந்நூறு வருஷமா எங்க குடும்பத்துல யாரும் அப்படிப் போடல.”

“பாப்ரே! எங்க தாத்தாவும் ஒத்தப் பேரோடதான் கரும்பு வெட்ட வந்தாரு. பாஸ்போர்ட்டுக்கு அப்பா பேரைச் சேர்க்கச் சொன்னாங்க, சேர்த்தேன். என் மானம் என்ன கப்பலேறிடுச்சா?”

அவர் ஜன்னல் வழியே மில்லுக்குப் போகும் கரும்பு லாரிகளைப் பார்த்தார்.

“திரும்பி வரும்னு முதல் தடவையே தெரியும், இந்திராவதி. தெரிஞ்சுதான் போட்டேன். நீயும் போயிட்டா இந்த ஊர்ல எனக்கு யாரு இருக்கா?”

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற பிள்ளையின் குரலை டெலிபோனில் மட்டும் கேட்டுக்கொண்டு நான் கிடக்கிறேன், இந்த மனுஷனுக்குத் துணை வேண்டுமாம்! காகிதத்தை அவர் முன்னால் அறைந்து வைத்தேன்.

“ரோஷ்னிக்கு அஞ்சு வயசு, சார்.”

பேனாவை எடுத்தார். முப்பது வருடமாகக் கோர்ட்டில் எங்கள் ஆட்களைத் தகப்பன் பெயரோடு கூப்பிடக் கேட்ட அதே மாதிரி எழுதினார்: லான்வேரன், தகப்பன் பெயர் ஈவன் பிரைஸ்.

ஏஜென்ட் மறுபேச்சில்லாமல் அதை ஏற்றுக்கொண்டான்; விசாவும் வந்தது.

கடைசி நாள் ஆபீஸ் சாவியை மேஜையில் வைத்தேன். “காலைப் பிளேனா?” என்றார். “ஆமா” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். ஒரு நன்றி சொல்லியிருக்கலாம். கோபத்தில் சொல்லாமலே வந்துவிட்டேன்.