பாடும்வரை அடி

கைக்குட்டை தன் முதுகுக்குப் பின்னால் விழுந்ததை சமத் கவனிக்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த பெர்மெத் பார்த்துவிட்டாள். ஆட்டத்தில் யாரும் காட்டிக்கொடுக்கக் கூடாது. கல்யாண வீட்டுப் புல்வெளியில் ஊரே வட்டமாக உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தது. கைக்குட்டையைப் போட்டுவிட்டுப் போனவள் பெர்மெத்தின் தங்கை ஜெய்னெப், சமத்தின் மனைவி. போன வருடம் சந்தைக்குப் போனவளைக் காரில் தூக்கிக்கொண்டு போய், தலையில் மணப்பெண்ணுக்கான வெள்ளை முக்காட்டைக் கட்டாயமாகக் கட்டிக் குடும்பம் நடத்துகிறவன் அவன். "கல்லு விழுந்த எடத்துலதான் கெடக்கணும்" என்று பெர்மெத்தின் அம்மா அன்றைக்கே கைகழுவிவிட்டாள்.

காலையில் ஓடையில் முகம் கழுவும்போது தங்கையின் காதுக்குக் கீழே கன்றிப்போயிருந்ததைப் பெர்மெத் பார்த்திருந்தாள்.

"குதிரை இடிச்சிருச்சுக்கா."

குதிரை மோதிரம் போட்டிருந்ததா என்று அவள் கேட்கவில்லை.

ஜெய்னெப் வட்டத்தைச் சுற்றி வந்தாள். சமத் இன்னும் கவனிக்காத கைக்குட்டையை எடுத்துக் கயிறாக முறுக்கினாள். "மாட்டுனாரு மாப்ள!" என்று கூச்சல் எழுந்தது. மாட்டியவன் பாட ஆரம்பிக்கும்வரை அடிக்கலாம், அதுதான் ஆட்டம். முதல் அடி தோளில் விழுந்தது. எல்லாரும் சிரித்தார்கள். அடுத்தது கழுத்தில்.

"பாடுறேன், விடுடி!" சமத் சிரித்துக்கொண்டே ஒரு காதல் பாட்டை எடுத்தான்.

அவள் விடவில்லை. காதில் அடித்தாள், கண்ணில் அடித்தாள், பாடுகிற வாயிலேயே அடித்தாள். உதடு கிழிந்தது. "போதும் தாயி, அதான் பாடிட்டானே" என்று யாரோ சொன்னார்கள். ஜெய்னெப்பின் முகத்தில் கோபம்கூட இல்லை. கம்பளியைத் துவைப்பவள்போல அடித்துக்கொண்டிருந்தாள்.

சமத் எழுந்தான். முக்காட்டோடு சேர்த்து முடியைப் பிடித்துக் கீழே தள்ளி, வயிற்றில் உதைத்தான். மறுபடியும் உதைத்தான். ஆண்கள் தேநீர்க் கிண்ணங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"புருசன் பொண்டாட்டி சமாச்சாரம்" என்றாள் சமத்தின் தாய். "நீங்க பாடுங்கப்பா."

சிலர் உண்மையிலேயே பாடத் தொடங்கினார்கள். உதையைவிட அந்தப் பாட்டுத்தான் பெர்மெத்துக்குத் தாங்கவில்லை. பக்கத்துக் கிழவரின் பூட்சில் செருகியிருந்த குதிரைச் சவுக்கை உருவினாள். கட்டைப் பிடி வெளியே வரும்படி திருப்பிப் பிடித்து, சமத்தின் தாடையில் முழு பலத்தோடு இறக்கினாள். எலும்பு முறிந்த சத்தம் பாட்டை நிறுத்தியது. அவன் முழங்காலிட்டு விழுந்து, பல்லும் ரத்தமுமாகப் புல்லில் துப்பினான்.

"இப்பப் பாடுடா" என்றாள். தன் குரல்தானா என்று அவளுக்கே பயமாக இருந்தது.

கட்டியிருந்த குதிரைகளில் கைக்கு எட்டியதை அவிழ்த்தாள். தங்கையை முன்னால் ஏற்றிக்கொண்டு ஆற்றை நோக்கி விரட்டினாள்.

"அவன் தம்பிங்க விடமாட்டாங்கக்கா."

"வரட்டும்."

"அம்மா வீட்டுக்குள்ள விடுவாளா?"

பெர்மெத் திரும்பிப் பார்த்தாள். மலைச்சரிவில் புழுதி கிளம்பியிருந்தது. வருவது அவன் தம்பிகளா, கல்யாணத்துக்கு வந்திருந்த தன் அண்ணனா, அந்தத் தூரத்தில் சொல்ல முடியவில்லை. ஆற்றுக்கு வந்ததும் நின்றுவிட்ட குதிரை உதைத்தும் நகரவில்லை. முன்னங்கால்களைத் தண்ணீரில் ஊன்றி, தலையைத் தாழ்த்தி, எந்த அவசரமும் இல்லாமல் குடித்துக்கொண்டிருந்தது.