ஆடுவது கையா, முன்குறியா

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. அமெரிக்காவில் நான் வேலை பார்க்கும் தானியக் கிடங்குக்கு அது தபாலோடு வந்தது. அர்டித் ஹால்வர்சன் இருபத்திரண்டு வருடமாக எங்கள் பக்கத்துப் பண்ணைகளுக்குத் தபால் கொண்டுவருகிறவள். வயது அறுபத்தொன்று. போன வாரம் விதைக் கம்பெனிக் கடிதங்களை மேசையில் போட்டவள், வழக்கம்போல உடனே கிளம்பாமல், கோதுமை மாதிரி டப்பாக்களின் பக்கத்தில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் சொன்னாள்.

"நீ உன் பாஷையில கதை எழுதுவியாமே. இதை எழுதிக்கோ. ஆனா என்னைக் கொஞ்சம் ஒல்லியா எழுது."

அவள் ஒல்லியானவள்.

முதலில் எழுதிய தொடக்கம் இது:

பின்வாசல் கதவை யாரோ நெம்பும் சத்தம் கேட்டு அர்டித் புதுக் கைத்துப்பாக்கியை எடுத்தபோது —

[இல்லை. யாரும் நெம்பவில்லை. கிழக்கு மொன்டானாவில் பின்வாசலை யார் பூட்டுகிறார்கள், நெம்புவதற்கு?]

துப்பாக்கி வந்துவிட்டால் ஒரு பிணமும் விழ வேண்டும் என்று வாசகர்களான நீங்கள் எதிர்பார்க்கிறீர்கள். உங்களைக் குறை சொல்ல முடியாது. கதை எழுதுகிற எங்களைப் போன்றவர்கள்தான் அப்படிப் பழக்கி வைத்திருக்கிறோம். இதில் யாரும் சுடப்பட மாட்டார்கள். பயம் மட்டும் உண்டு.

2

பழைய ரிவால்வர் கட்டைவிரல் மூட்டில் உதைத்ததால் அர்டித் புதியது வாங்கினாள். சனிக்கிழமைகளில் ஊருக்கு வெளியே பெண்கள் இரும்புத் தட்டுகளைச் சுடும் போட்டி நடக்கும். போன வருடம் அவளுக்கு இரண்டாமிடம். முதலிடத்தைப் பிடித்தவளோடு இன்னும் அவ்வளவாகப் பேச்சில்லை.

புதுத் துப்பாக்கியால் முதல் நாள் காகிதத்தில் பத்து முறை சுட்டாள். பத்தும் பத்து திசையில். சில இடது ஓரத்தில், சில வலது ஓரத்தில், இரண்டு காகிதத்திலேயே இல்லை. இன்னொரு காகிதம் மாட்டிச் சுட்டாள். அதுவும் அப்படியே.

அவள் துப்பாக்கியைப் பார்க்கவில்லை. வலது கையை நீட்டி, அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அண்ணன் ஓரினுக்கு நடுக்குவாதம். அப்பாவுக்கும் இருந்தது. ஓரினுக்கு அது தொடங்கியது ஒரு தூண்டில் முள்ளில் நூல் கட்டும்போது. முடிச்சு விழவே இல்லை. அப்போது அவனுக்கும் வயது அறுபத்தொன்று.

[அந்த வீட்டில் நோய்க்குப் பெயர் கிடையாது. 'அப்பாவோடது' என்பார்கள். நான்தான் இங்கே பெயரை எழுதுகிறேன்.]

சுட்ட காகிதங்களை நான்காக மடித்து வண்டி இருக்கைக்கு அடியில் செருகினாள். தோள் பிடித்துக்கொண்டது என்று சொல்லிப் போட்டியிலிருந்து விலகினாள். காப்பியை நிறுத்தினாள். அவள் வழியில் நூற்று நாற்பத்து மூன்று தபால் பெட்டிகள். ஒவ்வொன்றின் மூடியைத் திறக்கும்போதும் தன் விரல்களையே கவனித்தாள். கவனிக்கக் கவனிக்க அவை ஆடுவது போலத்தான் இருந்தது. யாரிடமும் சொல்லாமல் பில்லிங்ஸ் நகரத்தில் நரம்பு மருத்துவரைப் பார்க்க நாள் வாங்கினாள்.

3

இந்த இடத்தில் எனக்கு அர்டித்தின் மேல் நம்பிக்கை போயிற்று. கார் டயரைத் தானே மாற்றுகிறவள், பத்து வயதிலிருந்து துப்பாக்கி பிடிக்கிறவள். இரண்டு வாரம் அதை ஒருமுறை கூடத் தட்டிப் பார்க்காமல் இருப்பாளா? பாத்திரம் கதையின் வசதிக்காக முட்டாளாகிறது என்று எனக்கே பட்டது. நேராகக் கேட்டுவிட்டேன்.

"பயந்தவ திருகாணியையா பாப்பா? கையைத்தான் பாப்பா," என்றாள். கொஞ்சம் யோசித்து, "வேணும்னா முட்டாள்னே எழுது. ஒல்லியான முட்டாள்," என்றாள்.

4

ஞாயிற்றுக்கிழமை மதியம், ஓரின் வீட்டுச் சமையலறை. ஓரின் தனியாக இருக்கிறான். அர்டித் மாட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் போட்டு அடுப்பில் சுட்ட பதார்த்தத்தைக் கொண்டுபோயிருந்தாள். அவன் குழிக்கரண்டியால் மெதுவாகச் சாப்பிட்டான். சிந்தியதை இருவரும் பார்க்கவில்லை.

"ஏய் தபால்காரி, காப்பி ஏன் வேணாங்குற?"

"வயித்துக்கு ஒத்துக்கல."

"உன் வயிறு ஆணியைக் குடுத்தாலும் செரிக்கும். தோள் சுளுக்குன்னியாமே? அந்தத் தோளாலதானே இப்ப இந்தச் சட்டியைத் தூக்கிட்டு வந்த?"

ஓரின் கரண்டியை வைத்தான்.

"புதுசை வண்டியிலதானே வெச்சிருக்க? கொண்டா, பாக்கலாம்."

கொண்டுவந்தாள். தோட்டாக் கூட்டை உருவினாள். உள்ளே காலி என்று இரண்டு முறை பார்த்துவிட்டு நீட்டினாள். ஓரின் வாங்கினான். அவன் கை எப்போதும்போல ஆடியது.

கிட்கிட்கிட்கிட்.

இருவரும் நிமிர்ந்தார்கள். ஓரின் துப்பாக்கியை மேசையில் வைத்தான், சத்தம் நின்றது. எடுத்தான்; கிட்கிட்கிட்.

"சத்தம் என்னுதா, இதோடதா?" என்று கேட்டான் ஓரின்.

குழலின் முனையில் சின்னதாக ஒரு பல் நிற்கும். முன்குறி என்று வைத்துக்கொள்ளுங்கள். சுடுகிறவர் கண் அதன் மேல்தான் நிற்க வேண்டும். அது அசைந்தால் குண்டும் விலகிப் போகும். அர்டித் அதை இரண்டு விரலால் பிடித்தாள். பால்பல் மாதிரி இங்கும் அங்கும் சாய்ந்தது. அதை அடியிலிருந்து பிடித்திருக்க வேண்டிய திருகாணி இறுகவே இல்லை.

அப்புறம் அவள் துப்பாக்கியைத் தன் கையில் வாங்கினாள். கையை நீட்டினாள். இருவரும் காத்திருந்தார்கள். சுவர்க் கடிகாரம் ஓடுவது கேட்டது. வேறு எதுவும் கேட்கவில்லை.

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். பிறகு எதிரில் உட்கார்ந்திருப்பது யார் என்று நினைவு வந்து சட்டென்று நிறுத்தினாள்.

"சிரி, சிரி," என்றான் ஓரின். "இந்தக் குடும்பத்துல ஆடுற சாமான் ஒண்ணு போதும்."

[இது அளவுக்கு மீறிக் கச்சிதமாக இருக்கிறது என்று இந்தப் பகுதியை இரண்டு முறை கிழித்தேன். வேறு விதமாகக் கண்டுபிடிப்பதாகவும் எழுதிப் பார்த்தேன்: அர்டித் அதைத் துடைக்கும்போது துணி மாட்டிக்கொள்ள — வேண்டாம். அது அப்படி நடக்கவில்லை. ஓரினின் கையில்தான் சத்தம் கேட்டது.]

5

துப்பாக்கிக் கடை லைல், முன்குறியை நகத்தால் ஒருமுறை தட்டிவிட்டு உச்சுக்கொட்டினான்.

"கம்பெனிக்கே அனுப்பலாம். ஆறு வாரம் ஆகும். இல்லாட்டி நானே பண்ணித் தரேன். ரெண்டு சொட்டுப் பசை, ஒரு திருகு."

"நீயே பண்ணு."

"அர்டித், நீங்க ரெண்டு வாரமா இதோடவா சுட்டீங்க? முதல் நாளே கொண்டாந்திருக்கலாமே?"

"தபால் நிறைய இருந்துச்சு."

லைல் திருகாணியைக் கழற்றி, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, புரியில் நீலப் பசை வைத்து இறுக்கினான். பசை காய ஒரு நாள் ஆகும், அதுவரை சுடக் கூடாது என்றான். அர்டித் தன் கைப்பையிலிருந்து சிவப்பு நகச்சாயத்தை எடுத்து, முன்குறியிலிருந்து அதன் அடியிலிருந்த இரும்பு வரை மெல்லிய கோடு ஒன்று இழுத்தாள். மறுபடி அசைந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். அந்தக் கோட்டை நான் பார்த்தேன். நூல் பிடித்தது போல நேராக இருந்தது. லைலும் அதைத்தான் முதலில் சொன்னான்.

6

இங்கேயே முடித்திருக்கலாம். நேரான சிவப்புக் கோடு, கடை வாசலில் வெயில், முற்றுப்புள்ளி. அப்படி ஒரு முடிவை எழுதியும் வைத்தேன்.

ஆனால் அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை வந்தது. அர்டித் ஓரினையும் சுடும் மைதானத்துக்கு அழைத்துப் போனாள். பத்து முறை சுட்டாள். காகிதத்தில் ஏழு துளைகள் ஒரு கோப்பைத் தட்டின் அளவுக்குள் அடங்கின. மூன்று வெளியே போயின. சிவப்புக் கோடு உடையவில்லை.

மூன்று என்பது என்ன? புதுத் துப்பாக்கி, காற்று, அறுபத்தொரு வயது, அண்ணன் பக்கத்தில் நிற்கிற பதற்றம் என்று எதை வேண்டுமானாலும் சொல்லலாம். லைல் சுட்டாலும் மூன்று விலகும் என்று லைலே சொல்கிறான். நான் சுட்டால் பத்தும் விலகும்.

திரும்பி வரும் வழியில் அர்டித் சாலையைப் பார்த்தபடியே, பில்லிங்ஸில் நாள் வாங்கியிருப்பதை முதல்முறையாக ஓரினிடம் சொன்னாள்.

"வியாழக்கிழமை. போகவா, வேணாமா?"

ஓரின் என்ன சொன்னான் என்பதில் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. அர்டித் சொல்வது: "'போயிட்டு வா. எனக்கு முடிச்சு விழாம போன அன்னிக்கே நான் போயிருக்கணும்'னான்." ஓரினைத் தொலைபேசியில் கேட்டேன். "நான் வாயே திறக்கல. அவ கேட்டதும் ரேடியோ சத்தத்தைக் கூட்டினேன்," என்றான். நான் போனை வைக்கப் போனபோது, "அவ அப்படியா சொன்னா?" என்று கேட்டான்.

இருவரில் ஒருவர் பொய் சொல்கிறார். அல்லது ஒருவர் தனக்குத் தேவையானதைக் கேட்டிருக்கிறார். யார் என்று நான் துருவவில்லை.

இன்று செவ்வாய். வர முடியாவிட்டால் நாளை ஐந்து மணிக்குள் சொல்லிவிட வேண்டும் என்பது அந்த மருத்துவமனையின் விதி. இன்று காலை தபால் கொடுக்கும்போது அர்டித், "கதை முடிஞ்சுதா?" என்று கேட்டாள். இன்னும் இல்லை என்றேன். "எப்படி முடிக்கப் போற?"

அவள் அதை விளையாட்டாகக் கேட்கவில்லை என்று எனக்குத் தோன்றியது. நான் போகச் சொன்னால் போவாள் போலவும், வேண்டாம் என்றால் நிம்மதியாக நின்றுவிடுவாள் போலவும் நின்றாள். நான் தானியம் எடை போடுகிறவன். தெரியாது என்றேன்.

உங்களிடம் கேட்டிருந்தால்?