நூறு ஆச்சா?

ஆள் மீட்புத் தேர்வுக்காக எழுபது கிலோ மணல் பொம்மையைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் மூன்றாவது மாடியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தான். இரண்டாவது மாடித் திருப்பத்தில் இடுப்பில் சுரீர் என்றது. அதற்கப்புறம் பொம்மை மட்டும் தனியாக இறங்கியது, தலைகுப்புற.

கீழே நிலைய அதிகாரி கடிகாரத்தை நிறுத்தினார். "போதும் ரயிலு! அசையாத, அப்படியே படு!"

தீயணைப்பு நிலையத்தில் அவனுக்கு ரயில் என்று பேர். ஓட ஆரம்பித்தால் நிற்கமாட்டான். அன்றைக்கு நின்றான். அந்தத் தேர்வில் தேறினால் ஏணிக் குழு, தவறினால் போன் எடுக்கும் மேஜை. பதினோரு வருஷம் ஏணியில் ஏறியவனுக்கு ஒரே வாரத்தில் மேஜை வந்து சேர்ந்தது.

ஆறு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், தங்கையின் பயிற்சிக்கூடத்துக்குப் படியேறினான். வயிற்றையும் இடுப்பையும் வலுவாக்கும் பிலாட்டிஸ் உடற்பயிற்சி சொல்லிக்கொடுப்பவள் அவள். வாசல் பலகையைக் காணோம். நான்கு ஆணி ஓட்டைகள்தான் இருந்தன. உள்ளே அவள் பாய்களைச் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா இது?"

"நாளையிலேர்ந்து இங்க தையல் வகுப்பு. நேத்தே சாவியக் கொடுத்துட்டேன். பாய எடுத்துட்டுப் போக இன்னைக்கு ஒரு நாள் விட்டிருக்காங்க."

"ஏன்?"

"சொந்த அண்ணனுக்கே அட்டவணையத் தப்பாப் போட்டுக் கொடுத்தவ, ஊரார் முதுகத் தொடலாமா?"



தேர்வுக்கு நான்கு மாதம் முன்பு அவனுக்குப் பயிற்சி அட்டவணை போட்டது அவள்தான். வாரத்துக்கு இரண்டு நாள் ஓட்டம், இரண்டு நாள் எடை, புதனும் சனியும் பிலாட்டிஸ். "ஓட்டம் காலுக்கு, எடை தோளுக்கு. ரெண்டையும் நடுவுல பிடிச்சு வைக்க ஆள் வேணாமா அண்ணா? புதன், சனி ஒழுங்கா டிக் விழுந்தாத்தான் எடையக் கூட்டுவேன்" என்றாள். பிலாட்டிஸில் முதல் பயிற்சியின் பெயரே 'நூறு'. மல்லாந்து படுத்து, தலையையும் கால்களையும் தூக்கி, ஐந்து எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஐந்து எண்ணும்வரை விட்டு, பக்கத்தில் நீட்டிய கைகளை நூறு தடவை தட்ட வேண்டும்.

முதல் புதன்கிழமை நிலையத்து ஓய்வறையில் பாயை விரித்தான். பாதி வழியில் வண்டி ஓட்டுநர் எட்டிப் பார்த்தார்.

"டேய், வந்து பாருங்கடா! ரயிலு கரப்பான்பூச்சி மாதிரி மல்லாந்து கெடக்குது!"

அறையே சிரித்தது. அவன் சட்டென்று புரண்டு, தண்டால் எடுக்க ஆரம்பித்தான். மூச்சு முட்ட நூறு. சிரிப்பு கைதட்டலாக மாறியது.

அன்று மாலை போன். "அண்ணா, நூறு ஆச்சா?"

நூறு ஆகித்தான் இருந்தது. "ஆச்சும்மா."

அந்தப் பதில் அவனுக்கே பிடித்துப்போனது. பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை. புதனும் சனியும் நூறு தண்டால், ஒரு டிக். ஞாயிறு தோறும் அட்டவணையைப் படம் பிடித்து அனுப்புவான். "சூப்பர்ணா!" என்று பதில் வரும். டிக்கை நம்பி அவள் எடையைக் கூட்டினாள். பிறகு ஓட்டத்தையும் கூட்டினாள். நான்கு மாதம்.

"தப்பு உன் மேல இல்ல" என்றான். "நான் 'நூறு' பண்ணவே இல்ல. தண்டால் எடுத்துட்டு டிக் போட்டேன்."

அவள் கையில் கயிறு அப்படியே நின்றது.

"எல்லாமா? முப்பத்து நாலு டிக்கும்?"

"ம்."

"ஆஸ்பத்திரில கெடந்தப்ப சொல்லியிருக்கலாமே."

"சொல்லணும்னுதான்... நீ பக்கத்துல உக்காந்து அழுதுட்டிருந்த. வாய் வரல. இங்க வரைக்கும் போகும்னு நெனைக்கல."

"ஆறு வாரமா எங்க தப்பாச்சுன்னு ராப்பகலா அந்த அட்டவணையப் பாத்துக்கிட்டு இருந்தேன். நேத்து காலைல வந்திருந்தாக்கூட சாவி என் கையில இருந்திருக்கும்."

 கீழே தெருவில் யாரோ வண்டியை எடுக்கச் சொல்லி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்கள்.

"முதல் நாளாவது படுத்தியா?"

"படுத்தேன்."

"எத்தனை வரைக்கும்?"

"முப்பத்தெட்டு. வண்டி ஓட்டுநர் பாத்துச் சிரிச்சாரு, புரண்டுட்டேன். அவர் வராட்டியும் அதுக்கு மேல வந்திருக்காது. வயிறு நடுங்கிடுச்சு."

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால்கூட அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"அதச் சொல்லக் கூடாதாண்ணா? முப்பத்தெட்டுலேர்ந்து ஆரம்பிச்சிருப்போமே."

திரும்பி, கடைசிப் பாயைச் சுருட்ட உட்கார்ந்தாள். மறுமுனையைப் பிடிக்க அவன் குனியப் போனான். முதுகு பாதியிலேயே மறித்தது. நிமிர்ந்து நின்றபடி, அவள் ஒருத்தியாகவே சுருட்டி முடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.